கீழ் பெர்த் யாருக்கு?

ரயில் முன்பதிவுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. பெயர், வயது, ஆணா பெண்ணா என்று எழுதிக்கொண்டே போனால், கீழ் பெர்த் வேண்டுமா, மேல் பெர்த் வேண்டுமா என்று கேட்டிருக்கும். செல்போனில் டிக்கெட் போடுகிறவர்களுக்கும் அதே கேள்விதான் வருகிறது. நிறையப் பேர் யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போகிற கட்டம் அது. எங்க அம்மாவிடம் அதைக் கேட்டேன்.

"உனக்குக் கீழ வேணுமா, மேல வேணுமா?"

"அவிய எங்க குடுக்காவளோ அங்க இருந்துக்கிடுதேன்."

அப்போது அம்மாவுக்கு 58 வயது. அந்த 58 வருஷத்தில் 'உனக்கு எந்த இடம் வேணும்' என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. களத்துமேட்டில் எங்கே நிற்க வேண்டும், பண்ணையார் வீட்டு முற்றத்தில் எதுவரைக்கும் வரலாம், கல்யாணச் சாப்பாட்டுக்கு எந்தப் பந்தி, எல்லாமே முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. 'அங்கன நில்லு', 'இப்படி ஓரமா உக்காரு.' இடத்தைப் பற்றி எங்க ஜனங்களின் காதில் விழுந்த வாக்கியங்கள் பெரும்பாலும் ஏவல் வினையில் முடிகிறவை. அதனால் ஒரு கட்டம் வந்து 'உன் விருப்பம் என்ன' என்று கேட்டபோது அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தன் இடத்தை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுப்பது நல்ல குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எப்போது அது நல்ல குணம், எப்போது அது காலங்காலமாகப் பழகிப்போன அடிமைப் புத்தி? அதைத் தீர்மானிக்கிறவர் யார்? அந்தப் பயணத்தில் நடந்ததை வைத்தே இதைப் பேசிப் பார்க்கிறேன்.

*

2017 டிசம்பர். தாராவியில் இருக்கிற அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை நாள் பயணம். திருநெல்வேலிச் சீமைச் சேரிகளுக்கும் தாராவிக்கும் இருக்கிற உறவு இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குப் புதுசு இல்லை. தோல் பதனிடுகிற வேலைக்கென்று தெருத்தெருவாகக் கிளம்பிப் போனவர்கள் நாம்.

எங்க அப்பா 1972இல் பதினேழு வயதில் போனார். ரயிலில் மூன்றாம் வகுப்பு இருந்த காலம். 1974இல்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள். மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய் வண்டி. முன்பதிவு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சீட்டுக்கு அடியில் துண்டை விரித்து, தலைக்குச் செருப்பை வைத்துப் படுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார். கீழ், நடு, மேல் என்று மூன்று பெர்த் இருப்பதாகச் சொல்கிறோம். கீழ் பெர்த்துக்கும் கீழே ஒன்று இருக்கிறது. அதற்கு நம்பர் கிடையாது. எங்க அப்பா மாதிரி ஆட்கள் அதில் படுத்துக்கொண்டுதான் பிழைக்கப் போனார்கள். இன்றைக்கும் ஜெனரல் பெட்டியில் எட்டிப் பார்த்தால் அதில் ஆள் படுத்திருக்கிறது.

அம்மாவுக்கு இதுதான் முதல் தூரப் பயணம். 45 வயது தாண்டிய பெண்களுக்கு, காலி இருந்தால், கம்ப்யூட்டரே கீழ் பெர்த் கொடுத்துவிடுகிறது. அப்படி அம்மாவுக்கு 33. அதற்கு மேலே எனக்கு 34, நடு. அதற்கும் மேலே 35. அந்த 35க்குரியவர் மதுரையில் ஏறினார். அறுபதை ஒட்டிய வயது, கனத்த உடம்பு, கையில் டிபன் கேரியர். எதிரே 36இல் ஒரு வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவரின் மனைவி இருந்தார்.

வந்தவர் ரெண்டு கீழ் பெர்த்தையும் பார்த்தார். ஒன்றில் நல்ல சேலையும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக ஒரு அம்மாள், காலை நீட்டிக்கொண்டு. இன்னொன்றில் எங்க அம்மா. சீட்டு நுனியில், பாதி உடம்பு வெளியில் இருக்கிற மாதிரி, யாராவது சொன்னால் எழுந்துகொள்ளத் தயாராக. அப்படித்தான் அவள் எங்கேயும் உட்காருவாள். எதிரில் இருந்தவரிடம் "பேக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிறீங்களா" என்று கேட்டார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ மேல போயிரு. எனக்கு முட்டி வலி. நான் கீழ படுத்துக்கிறேன்."

அந்த அம்மாளுக்கு 'நீங்க.' எங்க அம்மாவுக்கு 'நீ.' சாதியை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நிறமும் சேலையும் உட்கார்ந்திருந்த விதமும் பதில் சொல்லிவிட்டன. அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்க ஊர் களத்துமேட்டில் கேட்ட குரல்தான்.

அம்மா எழுந்துவிட்டாள். மஞ்சப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மேல் பெர்த்துக்குப் போகிற ஏணியை அண்ணாந்து பார்த்தாள். நாற்பது வருஷம் குனிந்து நாற்று நட்ட இடுப்பு. அது அந்த ஏணியில் ஏறாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் எழுந்துவிட்டாள்.

"நீ உக்காரும்மா. சார், இது அவங்க பெர்த். அவங்களால மேல ஏற முடியாது" என்றேன்.

"பெரியவங்க கேட்டா குடுக்கணும் தம்பி. அதான் மனுஷத்தன்மை."

"கேட்டா குடுக்கலாம் சார். நீங்க கேக்கலையே."

எதிரில் இருந்த வங்கிக்காரர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே தம்பி" என்றார். அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவர் தன் மனைவி படுத்திருந்த 36ஐப் பற்றி வாயே திறக்கவில்லை. அதையும் கவனித்துக்கொண்டேன்.

*

ஒரு பெர்த்துக்கு இவ்வளவு வம்பா என்று கேட்கலாம். நமக்கு அது வெறும் பெர்த் இல்லை.

1853இல் பம்பாயிலிருந்து தானேவுக்கு வண்டி ஓடத் தொடங்கியது. காசைப் பார்த்து வகுப்பு பிரித்தான் வெள்ளைக்காரன். தன் ஆட்களுக்குத் தனிப் பெட்டியும் வைத்துக்கொண்டான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பலகையில் இன்ன சாதி இங்கே, இன்ன சாதி அங்கே என்று கோடு போட்டு வைக்கவில்லை. அக்கிரகாரத்துக்காரரும் சேரிக்காரரும் ஒரே பலகையில் தோளிடித்து உட்கார வேண்டிவந்தது. அது ரயிலின் தயாள குணம் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டத்தை அடைத்தால்தான் அவனுக்கு லாபம். ஆனாலும் நடந்தது நடந்தது.

வண்டிக்குள் இல்லாத கோடு வண்டி நிற்கிற இடத்தில் இருந்தது. தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது. பெரியார் விடாமல் எதிர்த்ததில் 1941இல்தான் அது ஒழிந்தது. அம்பேத்கர் சின்னப் பையனாக, 1901இல், அண்ணனோடும் அக்கா மகனோடும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய கதை நமக்குத் தெரியும். மசூர் ஸ்டேஷனில் இறங்கி நின்ற பிள்ளைகளின் நல்ல உடுப்பைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். 'மகார்' என்ற ஒரு சொல் வந்ததும் முகம் மாறிவிட்டது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவன் ரெட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டான். அதிலும், பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், அவன் தீட்டுப் படாமல் கூட நடந்து வருவான் என்று நிபந்தனை. ரயிலில் டிக்கெட் போதுமாக இருந்தது. மாட்டுவண்டியில் டிக்கெட் செல்லாது, சாதிதான் செல்லும்.

அமெரிக்காவில் டிக்கெட்டே செல்லாமல் போன கதையும் உண்டு. 1892இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். கைது செய்தார்கள். 1896இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், சமமாக இருந்தால் தனித்தனியாகப் பிரித்து வைப்பது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம் 1955இல் மாண்ட்கோமரி நகரத்துப் பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார். அவரிடம் சொல்லப்பட்டதும் 'எழுந்திரு' என்ற ஒற்றைச் சொல்தான்.

ஆகவே நம்பர் போட்ட பெர்த் எங்களுக்குப் பெரிய விஷயம். ஒரு பெட்டியில் 72 பெர்த் என்றால் 72 நம்பர். 33க்குச் சாதி கிடையாது. முன்பெல்லாம் பெட்டிக் கதவோரம் பெயர், வயதோடு பட்டியல் ஒட்டுவார்கள். வடக்கத்திக்காரர் பெயரின் பின்னால் சாதியும் சேர்ந்து ஒட்டியிருக்கும். நம்ம பக்கத்துப் பெயர்கள் மொட்டையாக இருக்கும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டதன் பலனை நான் அந்தப் பட்டியலில்தான் கண்ணால் பார்த்தேன். பெயரில் தெரியாவிட்டால் என்ன, 'தம்பிக்கு எந்த ஊர், ஊர்ல எந்தப் பக்கம்' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றரை நாள் இருக்கிறதே.

இன்னொரு வேடிக்கை. எங்க ஊரில் மேலத்தெருவுக்குத்தான் மரியாதை. கீழத்தெரு என்றால் நாங்கள். ரயிலில் மட்டும் எல்லாருக்கும் 'கீழ்' வேண்டும். மேலே போகச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. நாங்கள் கீழே இருந்தபோது கீழ் இழிவாக இருந்தது. வசதி கீழே இருக்கிறது என்றதும் எங்களை மேலே போகச் சொல்கிறார்கள். மேலும் கீழும் திசை இல்லை, யார் சொல்லி யார் நகர வேண்டும் என்பதுதான் விஷயம்.

*

ராத்திரி பத்து மணி ஆனது. பத்திலிருந்து காலை ஆறு வரைதான் நடு பெர்த்தைத் தூக்கிப் போட்டுப் படுக்கலாம், பகலில் கீழ் பெர்த் எல்லாரும் உட்காருவதற்கு என்பது விதி. நான் என் பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டினேன். அவர் மேலே ஏறப் பார்த்தார். ஒரு காலை ஏணியில் வைத்தார். மற்றக் கால் எழும்பவில்லை. இறங்கினார். மறுபடி வைத்தார். முகத்தில் வலி தெரிந்தது. முட்டி வலி என்று அவர் சொன்னது பொய் இல்லை.

இதை இங்கே எழுதாமல் விட்டிருக்கலாம். அவரை வெறும் ஆதிக்கக்காரராகவும் என்னைப் போராளியாகவும் நிறுத்திவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். நம்ம எழுத்தில் அந்த மாதிரி சௌகரியங்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவருக்கு வலித்தது, அதை நான் பார்த்தேன். அதிகாரம் பண்ணுகிறவனுக்கும் முட்டி வலிக்கும். வலி உண்மையாக இருப்பதால் அதிகாரம் நியாயமாகிவிடாது. அதிகாரம் பண்ணினான் என்பதால் வலி பொய்யாகிவிடவும் செய்யாது.

"நீங்க நடுவுல படுங்க சார். நான் மேல போறேன்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் நடு பெர்த்தில் ஏறிப் படுத்தார். நான் மேலே ஏறும்போது கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டைப் பக்கம்."

"பக்கம்னா எங்க?"

"முப்பத்தஞ்சாம் நம்பர் சார்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

மேலே படுத்துக்கொண்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அம்மாவின் இடத்தைக் காப்பாற்றியாகிவிட்டது, என் இடத்தை நானாக விரும்பிக் கொடுத்தாகிவிட்டது. மறுக்க முடிகிறவன் கொடுத்தால்தான் அது கொடை. மறுக்க வழியில்லாதவன் கொடுப்பது எங்க ஆட்கள் ஊருக்குச் செய்த வெட்டி வேலை மாதிரி. சாவு சொல்லப் போனதும், செத்த மாட்டைத் தூக்கியதும், தப்பு அடித்ததும் யாரும் கொடை என்று சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு தத்துவமே தயாராகிவிட்டது. அந்தத் தத்துவம் இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது காலையில் ஒரு இடி வாங்கியது.

*

காலையில் டீ வாங்கிக் கொடுத்தேன். வாசல் பக்கம் நின்று குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ராத்திரி அவருக்கு உன் இடத்தக் குடுத்தியே, அது நல்ல காரியம். ஆனா சாயங்காலம் எதுக்குல என்னைய உக்காரச் சொன்ன?"

"அந்த ஆளு உன்னைய நீன்னு சொன்னான்மா. எந்திரின்னான்."

"ஆமா. அவன் எந்திரின்னான். நீ உக்காருன்ன. எனக்கு என்ன வேணும்னு ரெண்டு பேருமே கேக்கலியே. பெர்த்து எம் பேருக்குத்தான எழுதியிருக்கு?"

"நீ பயந்துபோயில்லா எந்திச்ச?"

"பயந்துதான் எந்திச்சேன். இல்லன்னு சொல்லல. அந்த வயசாளி கால இழுத்துக்கிட்டு வந்ததப் பாத்தும்தான் எந்திச்சேன். ரெண்டும் இருந்துச்சு. நீ ஒண்ணத்தான் பாத்த."

எனக்குப் பதில் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன், பத்துப் பதினைந்து வருஷமாக மேடையில் பேசுகிறவன், உரிமை என்ற சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உரிமை என்பது உரியவருடைய இஷ்டம். 33ஐ வைத்துக்கொள்வதும் கொடுப்பதும் அம்மாவின் இஷ்டம். அந்த ஆள் அந்த இஷ்டத்தைக் கேட்காமல் தள்ளினார். நான் கேட்காமல் காப்பாற்றினேன். ரெண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அவர் தனக்காகச் செய்தார், நான் அவளுக்காகச் செய்தேன். ஆனால் நடுவில் நின்ற அம்மாவுக்கு ரெண்டும் ஏவலாகத்தான் கேட்டிருக்கிறது.

நம்ம இயக்கங்களுக்கும் இது பொருந்தும். ஜனங்களுக்காகப் பேசுகிறோம் என்று ஜனங்களைப் பேசவிடாமல் செய்கிறோமா? 'பயந்துபோய் ஓட்டுப் போட்டார்கள்', 'தெரியாமல் கும்பிட்டார்கள்' என்று சொல்லிவிடுகிறோம். பயமும் இருக்கும், இரக்கமும் இருக்கும், கணக்கும் இருக்கும். நாம் பயத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தூர எறிகிறோம். அப்படி எறியும்போது அவர்களுடைய நல்ல குணத்தையும் சேர்த்தே எறிகிறோம்.

*

அன்றைக்குப் பகல் பூராவும் வண்டிக்குள் அரசியல் பேச்சு. முட்டிவலிக்காரரும் வங்கிக்காரரும் ஒத்துப்போனார்கள். நாடு கெட்டுப்போனதற்குக் காரணம் ரிசர்வேஷன். தகுதி இல்லாதவன் எல்லாம் ரிசர்வேஷனில் உள்ளே வந்துவிடுகிறான். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஒரு இளைஞன் வந்து 36இன் ஓரத்தில் உட்காரப் பார்த்தான். வங்கிக்காரர் சட்டென்று சொன்னார், "தம்பி, இது ரிசர்வேஷன் சீட்டு."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

ரயிலில் எத்தனை ஒதுக்கீடு. பெண்களுக்கு ஒன்று, மூத்த குடிமக்களுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று, ராணுவத்தாருக்கு ஒன்று, வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒன்று, எம்.பி., மந்திரி கடிதம் கொடுத்தால் கிடைப்பது ஒன்று, கூடக் காசு கட்டினால் தட்கல். இதில் எதிலும் 'தகுதி எங்கே' என்று யாரும் கேட்பதில்லை. முடியாதவருக்குக் கீழ் பெர்த் கொடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் புரிகிறது. முட்டி தேய்ந்தவருக்குப் புரிகிறது. தலைமுறை தலைமுறையாக இடுப்பு ஒடிந்தவர்களுக்கு ஒரு இடம் ஒதுக்கினால் மட்டும் புரியாமல் போகிறது.

ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்ததற்கு நம்ம ஜனங்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் நின்று ஜெயித்த முருகேசனையும் கூட இருந்த ஆறு பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். ஓடுகிற பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். அவர்களும் டிக்கெட் எடுத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

சீட்டுத் தேர்வு செய்கிறவர்கள் சொல்கிற இன்னொரு புத்திமதி, கக்கூஸ் பக்கத்து நம்பர் வேண்டாம் என்பது. 1, 2 வேண்டாம், 71, 72 வேண்டாம். நியாயந்தான், நாற்றத்தில் யார் படுப்பார்? ஆனால் பல பத்தாண்டுகளாக அந்தக் கக்கூஸ் நேரே தண்டவாளத்தில் திறந்தது. ஸ்டேஷனில் வண்டி நகர்ந்ததும் துடைப்பத்தோடு இறங்கியவர்கள் யார்? மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. இப்போது பெட்டிகளில் பயோ கழிவறை வந்திருக்கிறது. வராமல் இருந்த அத்தனை வருஷமும், தள்ளி உட்காரத் தேர்வு செய்ய முடியாத சாதி ஒன்று தண்டவாளத்தில் நின்றது. சிலருடைய தேர்வு நடக்க வேண்டுமானால் தேர்வே இல்லாத சிலர் வேண்டியிருக்கிறது.

*

அன்று டிசம்பர் 5. ராத்திரி குல்பர்காவிலும் சோலாப்பூரிலும் கூட்டம் ஏறியது. வெள்ளை உடுப்பு, நீலக் கொடி, துணி மூட்டை, கைக்குழந்தை. 1956 டிசம்பர் 6 அன்று மறைந்த அம்பேத்கரை எரியூட்டிய தாதர் சைத்யபூமிக்குப் போகிற ஜனங்கள். ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கில் போகிறார்கள். ஜெனரல் பெட்டியில் கால் வைக்க இடம் இல்லாமல் எங்கள் பெட்டியில் ஏறிவிட்டார்கள். நடைபாதை நிறைந்துவிட்டது.

"டிக்கெட் இல்லாத கூட்டம். வருஷா வருஷம் இதே ரோதனை" என்றார் வங்கிக்காரர்.

இப்போது நான் என்ன சொல்வது? நேற்று நம்பரைக் காட்டி நியாயம் பேசியவன். நம்பர்தான் நமக்குப் பாதுகாப்பு என்று இத்தனை நேரம் எழுதிக்கொண்டிருக்கிறவன். அந்த நியாயப்படி பார்த்தால் முன்பதிவு செய்யாமல் அவர்கள் இந்தப் பெட்டியில் ஏறியது தப்புதான்.

ஆனால் அந்த நம்பர் எனக்கு எப்படிக் கிடைத்தது? அப்போது 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம் (2024 நவம்பரிலிருந்து அது 60 நாள்). எனக்குக் கையில் காசு இருந்தது, எந்தத் தேதியில் எங்கே இருப்பேன் என்று தெரிந்திருந்தது. நாளைக்குக் கூலி உண்டா இல்லையா என்றே தெரியாதவர் ரெண்டு மாதம், நான்கு மாதம் கழித்துப் போகிற பயணத்துக்கு எப்படி இன்றைக்கே காசு கட்டுவார்? நம்பர் சாதி பார்ப்பதில்லை என்றேன். உண்மைதான். நம்பர் எடுக்கிற வரிசைக்கு யார் வந்து சேர முடிகிறது என்பதையும் அது பார்ப்பதில்லை. எங்க அப்பா அந்த வரிசைக்கு வந்ததே இல்லை. அவருடைய மகன் வந்துவிட்டேன். வந்துவிட்ட என் கையில் ஒரு டிக்கெட் இருக்கிறது. அதைக் காட்டி, சீட்டுக்கு அடியில் படுத்து வந்த என் அப்பனையே 'இறங்கு' என்று சொல்ல முடியுமா?

நான் இப்படி யோசித்துக்கொண்டே மேலே படுத்திருந்தேன். கீழே அம்மா யோசிக்கவில்லை. ஒரு வயதான மராட்டிக்காரம்மா மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா காலை மடக்கிக்கொண்டு, சீட்டைக் கையால் தட்டினாள்.

"வா தாயி. உக்காரு."

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எங்க அம்மாவுக்கு மராட்டி தெரியாது. உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி தலைமாட்டில் இன்னொருத்தி கால் இருக்கிற மாதிரி ரெண்டு பேரும் படுத்துக்கொண்டார்கள். நானும் இறங்கி, என் பெர்த்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தியை ஏறச் சொல்லிவிட்டு நடைபாதையில் துண்டை விரித்தேன். அப்பா படுத்த பெர்த் எனக்கும் கிடைத்தது.

நடு பெர்த்திலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். யாரோ 'ஜெய்பீம்' என்றதற்கு நான் பதிலுக்கு 'ஜெய்பீம்' சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நீங்களும் அங்கதான் போறீங்களா?" என்றார்.

'தம்பி' போய் 'நீங்க' வந்திருந்தது. அது மரியாதையா, தூரமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் போனது அக்கா வீட்டுக்கு. ஆனாலும் "ஆமா" என்றேன். அவர் அப்புறம் எதுவும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடியற்காலையில் தாதர் வந்தது. அந்த மராட்டிக்காரம்மா மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம் பொரிகடலை எடுத்து அம்மா கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அம்மாவிடம் கேட்டேன். "மொத நாளு அந்த ஆளு சொன்னதுக்கும் எந்திச்ச. நேத்து நீயாவே காலை மடக்குன. ரெண்டும் உனக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணு எப்படில ஆகும்? அவரு சொல்லும்போது எனக்கு ஒடம்பு நடுங்குச்சு. நேத்து நடுங்கல."

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல நான் வெட்டி, கொடை, உரிமை என்று இவ்வளவு எழுதியிருக்கிறேன். அவள் உடம்பு நடுங்கியதா இல்லையா என்று பார்த்தே சொல்லிவிட்டாள். விட்டுக்கொடுப்பது தர்மமா அடிமைத்தனமா என்று யாராவது என்னைக் கேட்டால், கொடுத்தவரின் உடம்பைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். பக்கத்தில் நிற்கிற நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 'மாட்டேன்' என்று அவர் சொன்னால் அந்தச் சொல் செல்லும்படி கூட நிற்பது.

அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருவதற்கு டிக்கெட் எடுக்கப் போனேன். படிவத்தை நிரப்பும்போது அம்மாவும் பக்கத்தில் நின்றாள். அந்தச் சின்னக் கட்டம் வந்தது. நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"எனக்குக் கீழ வேணும்னு எழுது. சன்னல் ஓரமா இருக்கணும். யாராச்சும் கேட்டா குடுப்பேன், குடுக்காமயும் இருப்பேன். நீ குறுக்க வராத."